பால்வாடிப் புள்ளைங்களும் செடி, மண்ணு, எறும்பும்: என்கிட்ட திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விங்க

திருப்பூர் பக்கம் ஒரு அங்கன்வாடில பதினாறு வருஷமா டீச்சரா இருக்கேன். ஊர்ல யாரும் அங்கன்வாடின்னு சொல்றதில்ல, பால்வாடிதான். செடி, எறும்பு, மழைத்தண்ணின்னு வெச்சு எல்லாப் புள்ளைங்களையும் ஒண்ணா சேர்த்து நாங்க பண்றதைப் பாத்துட்டு முதல்ல பக்கத்து சென்டர் டீச்சருங்க கேக்க ஆரம்பிச்சாங்க, அப்புறம் நர்சரி ஸ்கூல் டீச்சருங்க, அப்புறம் அம்மாமாருங்க, பாட்டிமாருங்க. ஒரே பதிலை வாட்ஸ்அப்ல அம்பது தடவை டைப் பண்ணியாச்சு. அதான் கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்வியை வெச்சு ஒரே இடத்துல எழுதிட்டேன்.

ஏனுங்க டீச்சர், மூணு வயசுப் புள்ளைக்கு இயற்கைன்னா என்ன புரியும்?

இயற்கைங்கற வார்த்தை புரியாதுங்க. எறும்பு புரியும், மழை புரியும், நேத்து இல்லாத பூ இன்னைக்கு இருக்குன்னா அது புரியும். இந்த வயசுல அவங்க கணக்கே வேற. நடக்குறது ஓடுறதுக்குத்தான் உயிர் இருக்குன்னு நினைப்பாங்க. நிலா நம்ம கூடவே வருதே, அதுக்கு உயிர் இருக்கு. பஸ்ஸுக்குக் கூட இருக்கு. செடி சும்மா நிக்குது, அதுக்கு இல்ல. இதைத் திருத்தறேன்னு உக்காந்து விளக்க வேண்டாம். ஒரு தொட்டாற்சுருங்கிச் செடியைக் காட்டி விட்டுட்டா போதும், இலை மூடுறதைப் பாத்துட்டு ஒரு பாப்பா என்கிட்ட "டீச்சர், அதுக்கு வெக்கம்"னு சொன்னா, அன்னைக்கு அவ கணக்குல செடிக்கு உயிர் வந்துடுச்சு.

பூமி சூடாகுது, காடு அழியுது, தண்ணியே இருக்காதுன்னு இந்த வயசுல பயமுறுத்துறது எனக்குப் புடிக்கல. தன்னால எதுவும் பண்ண முடியாத விஷயத்துக்குப் புள்ளை எதுக்குப் பயப்படணும்? அதுக்குப் பதிலா தினமும் ஒரு உயிருக்கு ஒரு வேலை, இந்தத் தொட்டிக்கு நீதான் தண்ணி ஊத்தணும், அவ்ளோதான் என் பாடத்திட்டம்.

எல்லாரையும் சேர்த்துன்னு சொல்றீங்களே, அப்ப இது மாற்றுத்திறனாளிக் குழந்தைங்களுக்கான கிளாஸா?

இல்லைங்க. எல்லாருக்கும் ஒரே வேலை, ஒரே நேரம், செய்யுற விதம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். 2016 மாற்றுத்திறனாளி உரிமைச் சட்டத்துல 21 வகை ஊனம் சொல்லியிருக்காங்க, ஆனா நம்மகிட்ட வர்ற வயசுல பாதிப் புள்ளைங்களுக்கு என்ன பிரச்சனைன்னு யாரும் பேரே வெச்சிருக்க மாட்டாங்க. அடையாள அட்டை இருந்தாத்தான் கவனிப்பேன்னு நாம உக்காந்திருந்தா அந்தப் புள்ளையோட ரெண்டு மூணு வருஷம் வீணாப் போயிடும். பேச்சு லேட்டா வர்ற புள்ளை, தமிழே தெரியாத புள்ளை, அம்மா பனியன் கம்பெனிக்கு நைட் ஷிப்ட் போறதால காலைல தூங்கி வழியுற புள்ளை, எல்லாம் இதுல சேர்த்தி.

நான் ஒரு வேலையை யோசிக்கும்போது முதல்ல யாருக்கு இது ரொம்பக் கஷ்டமோ அந்தப் புள்ளையை மனசுல வெச்சு யோசிப்பேன். பார்வை இல்லாத ஒரு பாப்பா எங்க சென்டர்ல இருந்தா, அவளுக்காகத்தான் இலையைக் கசக்கி மோந்து பாத்து பேர் சொல்ற விளையாட்டை ஆரம்பிச்சேன். இப்ப அவ பெரிய ஸ்கூலுக்குப் போயிட்டா, விளையாட்டு இன்னும் ஓடுது, மத்த புள்ளைங்க விட மாட்டேங்குறாங்க.

எங்க சென்டர் ஒரே ரூமுங்க, முன்னாடி சிமெண்ட் தரை. மண்ணே கெடையாது. நாங்க என்ன பண்றது?

உடைஞ்ச பக்கெட், எண்ணெய் டின், கொட்டாங்குச்சி, பழைய அரிசிச் சாக்கு எல்லாமே தொட்டிதான், அடில ஓட்டை மட்டும் போட்டுடுங்க, டின்னுன்னா விளிம்பைச் சுத்தியலால தட்டி மடக்கிடுங்க, கை கிழிச்சிடும். மண்ணு யாராவது ஒரு அப்பாகிட்ட கேட்டா வண்டில கொண்டு வந்து கொட்டிடுவாரு. கட்டட வேலைக்கு வந்த மணல் வேண்டாம், அதுல கண்ணாடித் துண்டு, ஆணி, பூனைப் பீ எல்லாம் இருக்கும்.

அப்புறம் செடி மட்டும்தான் இயற்கைன்னு யாருங்க சொன்னது? செவுத்துல எறும்பு வரிசை போகும். வாசல்ல அரிசி மாவுல கோலம் போட்டு எறும்பு எங்க இருந்து வருதுன்னு பாக்கச் சொல்லுங்க, ஒரு மணி நேரம் போயிடும். மண் சட்டில தண்ணி வெச்சா காக்கா வரும், மைனா வரும். சட்டியைத் தினமும் கழுவி ஊத்தணும், இல்லைன்னா கொசு முட்டை வெச்சுடும், அதுவே ஒரு புள்ளைக்கு டெய்லி டியூட்டி.

முதல்ல என்ன விதை போடறது நல்லது?

சீக்கிரம் முளைக்கறது. பச்சைப்பயறு ஒண்ணு ரெண்டு நாள், வெந்தயம் மூணு நாள், முள்ளங்கி நாலஞ்சு நாள். கொத்தமல்லியை முதல் தடவை தொடாதீங்க, அது ரெண்டா உடைச்சுப் போட்டாலும் முளைக்க வாரம் பத்து நாள் எடுக்கும், அதுக்குள்ள புள்ளைங்க மறந்துட்டு மண்ணைக் கிளறிப் பாத்துடும். விரல் சரியா மடங்காத புள்ளைக்கு மொச்சை, அவரை, பூசணி மாதிரி பெரிய விதையாக் குடுங்க. கீரை விதை மாதிரிப் பொடியா இருந்தா மணல்ல கலந்து தூவச் சொல்லுங்க, அது எந்தக் கையாலயும் வரும்.

ஒண்ணு மறக்காம பாத்துக்கோங்க. கடைல பாக்கெட்ல வர்ற விதை சிலது ரோஸ் கலர்ல, பச்சைக் கலர்ல இருக்கும், அது பூஞ்சாண மருந்து தடவினது. புள்ளைங்க கைல அதைக் குடுக்கவே கூடாது. அஞ்சறைப் பெட்டில இருக்கறதே போதும்.

மாரியம்மன் நோம்பிக்கு முளைப்பாரி எடுக்கறதைப் பார்த்த புள்ளைங்க இருந்தா வேலை சுலபம். முளைப்பாரி ஏன் மஞ்சளா இருக்குன்னு பாட்டிமாருக்குத் தெரியும், வெளிச்சம் படாம மூடி வளர்ப்பாங்க. அதையே ரெண்டு கொட்டாங்குச்சில பண்ணுங்க, ஒண்ணு வெயில்ல, ஒண்ணு கவுத்து வெச்ச பக்கெட்டுக்குள்ள. அஞ்சாம் நாள் ரெண்டையும் பக்கத்துல வெச்சா நீங்க வாயே தொறக்க வேண்டாம்.

செடி செத்துப்போனா புள்ளைங்க அழுவுதுங்க. ராத்திரியோட ராத்திரியா வேற செடி மாத்தி வெச்சுடலாமா?

வேண்டாங்க, அவங்களுக்குத் தெரிஞ்சுடும். எங்க சென்டர்ல செடி சாகறதுக்கு முக்கியக் காரணம் பாசம்தான், பத்துப் பேரும் ஆளுக்கொரு டம்ளர் ஊத்திடுவாங்க. புடுங்கி வேரைக் காட்டுங்க, அழுகி நாத்தம் அடிக்கும், மோந்து பாக்கட்டும். "நெறைய குடிச்சு வயிறு வலி வந்துடுச்சா டீச்சர்"னு ஒரு பையன் கேட்டான், ஆமா சாமின்னு சொல்லிட்டேன், தப்பில்ல. செத்த செடியைக் குப்பைல போடாம இன்னொரு தொட்டி அடில போட்டு மூடுங்க. அழுதா அழட்டும். அழாத புள்ளைக்கு வருத்தம் இல்லைன்னும் நினைச்சுடாதீங்க.

ஒரு பையன் வீல்சேர்ல வர்றான், கீழ உக்காந்து மண்ணு தோண்ட முடியாது. அவனுக்கு மட்டும் படம் கலர் பண்ண குடுத்துடறேன், சரிதானே?

சரி இல்லைங்க. அவன் இறங்க முடியலைன்னா தொட்டி மேல ஏறணும். ரெண்டு பக்கமும் செங்கல் அடுக்கி நடுவுல பலகை, அதுக்கு மேல டின். பலகைக்குக் கீழ அவன் முட்டி உள்ள போற அளவு இடம் இருக்கணும், இல்லைன்னா சேர் தள்ளியே நிக்கும், கை எட்டாது. கடைல போய் அளவு கேக்காதீங்க, அவனையே உக்கார வெச்சு முட்டி உயரத்தை ஒரு குச்சில அளந்துக்கோங்க, நாலு விரக்கடை கூட வெச்சா போதும்.

நம்ம ஊர்ல நெறையப் பேர்கிட்ட வீல்சேரே இருக்காது, அம்மா இடுப்புல வரும். அந்தப் புள்ளையை உங்க மடில சாய்ச்சு உக்கார வெச்சு முன்னாடி ஒரு தட்டுல மண்ணைக் கொட்டுங்க, இல்ல பாயில குப்புறப் படுக்க வெச்சுக் கைக்கு முன்னாடி தட்டு வைங்க. எப்படி வெச்சா நல்லதுன்னு தெரபி குடுக்கறவங்க சொல்லியிருந்தா அது முக்கியம். கரண்டி புடிக்க முடியாதவனுக்குக் கைப்பிடில சைக்கிள் ட்யூபைச் சுத்திக் கெட்டியாக்கிடுங்க. தண்ணி ஊத்த மூடில ஓட்டை போட்ட சின்ன பாட்டில், கவுத்தாலே மழை மாதிரி விழும், ரெண்டு கையாலயும் புடிக்கலாம். எங்க சென்டர்ல இப்ப எல்லாருக்குமே அந்த பாட்டில்தான், மேல சொன்ன வயிறு வலியும் குறைஞ்சுடுச்சு. அவனை "சூப்பர்வைசர்"னு பேர் வெச்சு ஓரமா உக்கார வெக்கறது மட்டும் வேண்டாம், கௌரவமாத் தெரியும், ஆனா கை சுத்தமாவே வீட்டுக்குப் போவான்.

கண்ணு தெரியாத பாப்பாவுக்கு செடியை எப்படிக் காட்டறது?

மூக்குல காட்டுங்க. கற்பூரவல்லி, துளசி, புதினா, எலுமிச்சை இலை, வெட்டிவேர், நாலஞ்சு தனித்தனித் தொட்டில. அப்புறம் விரல்ல காட்டுங்க, கற்றாழை வழவழ, பவளமல்லி இலை உப்புத்தாள் மாதிரி சொரசொர. கதவுல இருந்து தொட்டி வரைக்கும் இடுப்பு உயரத்துல ஒரு கயிறு கட்டிட்டா அவளே புடிச்சுட்டுப் போவா. தொட்டியை மட்டும் சொல்லாம இடம் மாத்திடாதீங்க, ஒரு தடவை நான் பண்ணிட்டு அவகிட்ட மன்னிப்புக் கேட்டேன்.

அவ கையைப் புடிச்சு இழுத்து இலை மேல வெக்கறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. உங்க கை செடி மேல இருக்கட்டும், உங்க கை மேல அவ கை. அவளுக்குத் தோணும்போது அவ விரல் தானா கீழ இறங்கும். கொஞ்சம் பார்வை இருக்கற புள்ளைன்னா, அப்படித்தான் நெறையப் பேர் இருப்பாங்க, வெள்ளைத் தட்டுல கருப்பு மண்ணு, கருப்புத் துணி மேல மொச்சை, இப்படி எதிர்க் கலர்ல வைங்க, முகம் வெயிலைப் பாத்து இருக்கக் கூடாது. பூவரச இலைல பீப்பி செஞ்சு ஊதறது, அணில் கத்துறது எந்தப் பக்கம்னு கை காட்டறது, இதுல எங்க பாப்பாவை யாரும் ஜெயிச்சதே இல்ல.

காது கேக்காத பையனுக்குக் கதை, பாட்டு எல்லாம் வீண்தானுங்களே?

ஏன் வீணு? பேசிக்கிட்டே செடியைக் காட்டாதீங்க, அது ஒண்ணுதான். அவனுக்கு இருக்கறது ரெண்டு கண்ணு, ஒண்ணு உங்க முகத்தைப் பாக்கணும் இல்ல இலையைப் பாக்கணும். முதல்ல பொருள், அவன் பாத்து முடிச்சு உங்களைத் திரும்பிப் பாப்பான், அப்ப சைகை. வெளிச்சம் உங்க முகத்துல விழுற மாதிரி நில்லுங்க. மெஷின் போட்டிருந்தா தண்ணி வேலைக்கு முன்னாடி கழட்டி டப்பால வைங்க, அந்த பட்டன் பேட்டரி வேற எந்தப் புள்ளை கைக்கும் போகக் கூடாது, முழுங்கிட்டா உயிருக்கே ஆபத்து.

மழை, தண்ணி, எறும்பு, பறவை, பூ, மெதுவா, போதும்னு ஒரு பத்து சைகையை எல்லாப் புள்ளைங்களுக்கும் சொல்லிக் குடுங்க. வாசல்ல மைனா வந்து நிக்கும்போது "சத்தம் போடாதே"ன்னு கத்துற டீச்சரைப் பாத்திருக்கீங்களா? நான்தான் அது. இப்ப சைகைலயே சொல்லிடறோம், மைனா பறக்கறதில்ல.

மண்ணைத் தொட்டாலே கத்துறான், கையை உதறிட்டு ஓடறான். ரெண்டு நாள் அழுத்திப் புடிச்சுத் தொட வெச்சா பழகிடுமா?

பழகாது, உங்களைப் பாத்தாலே ஓடுவான். சில புள்ளைங்களுக்கு, முக்கியமா ஆட்டிசம் இருக்கறவங்களுக்கு, ஈர மண்ணு தோல்ல ஒட்டுறது நமக்குச் சூடு பட்ட மாதிரி. காஞ்ச மணல், இல்ல வெறும் பயறு, அதுல ஆரம்பிங்க. கரண்டியோட தள்ளி நிக்கட்டும், கை துடைக்க ஒரு துணி அவன் தோள்லயே இருக்கட்டும், எப்ப வேணா துடைக்கலாம்னு தெரிஞ்சாலே பாதி பயம் போயிடும். மண்ணைத் தொடாமலே ஒருத்தன் ஒரு செடியை வளர்க்க முடியும்ங்க.

எங்க பையன் ஒருத்தன் எட்டு மாசம் மண்ணைத் தொடல. ஆனா ஓட்டை பாட்டிலை எடுத்துட்டு ஒரே வரிசைல ஏழு தொட்டிக்கும் தண்ணி ஊத்துவான், வரிசை மாறினா அழுவான், அதனால வரிசையை நாங்க மாத்தல. என்ன பண்ணப் போறோம்னு மூணு படம் செவுத்துல ஒட்டி வெச்சோம், பாட்டில், தொட்டி, கை கழுவறது, அவ்ளோதான். ஒன்பதாவது மாசம் ஒரு தொட்டில மண்புழு மேல வந்தப்ப தொட்டான், மண்ணை இல்ல, புழுவை.

மண்ணை எடுத்து வாயில போடுதுங்களே, அதுக்கு என்ன வழி?

ரெண்டு வயசு வரைக்கும் எல்லாப் புள்ளையும் போடும். மூணு நாலு வயசுலயும் தேடித் தேடித் திங்குதுன்னா இரத்தசோகையா இருக்கலாம், திட்டாம ஆரம்ப சுகாதார நிலையத்துல காட்டுங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவை, பிப்ரவரி, ஆகஸ்ட்ல குடுக்கற குடற்புழு மாத்திரையை மண்ணு வேலை பண்ற சென்டர்ல ஒரு புள்ளைக்கும் விடக் கூடாது. வேலை முடிஞ்சதும் சோப்புப் போட்டுக் கை கழுவணும், நகம் வாராவாரம் வெட்டணும், ராத்திரி மண்ணுத் தட்டுக்கு மேல சாக்குப் போட்டு மூடணும், பூனை வராது. அஞ்சு வயசு ஊசி போட்டாச்சான்னு கார்டைப் பாருங்க, டெட்டனஸுக்கும் சேர்த்துத்தான் அது, முள்ளு குத்துற வேலைல இருக்கோம்.

எந்தெந்தச் செடி வெக்கக் கூடாது?

அரளி. சாமிக்கு வெக்கறோம், பள்ளிக்கூடக் காம்பவுண்ட்லயும் ரோட்டு நடுவுலயும் வெக்கறோம், ஆனா விதை, இலை எல்லாமே விஷம், மஞ்சள் அரளியும் சேர்த்து. குன்றிமணி சிவப்பும் கருப்புமா அழகா இருக்கும், எண்ணிக்கை சொல்லிக் குடுக்கன்னு இன்னும் சில பேர் வெச்சிருக்காங்க, தயவுசெஞ்சு தூக்கிப் போடுங்க. ஆமணக்கு, காட்டாமணக்கு விதை கடலைக்காய் மாதிரித் தெரியும், ஊமத்தங்காய் அடுத்தது. எருக்கம்பால் கண்ணுல பட்டா மோசம். நம்ம மாநிலப் பூ செங்காந்தள், அதோட கிழங்கு கடும் விஷம், அதைப் படத்துல காட்டுங்க போதும். ஆபீஸ்ல அழகுக்கு வெக்கற பெரிய இலை டம்ப்கேன் செடியைக் கடிச்சா நாக்கு வீங்கிடும்.

தின்னுட்டா வாந்தி எடுக்க வெக்காதீங்க, உப்புத் தண்ணி குடுக்காதீங்க. வாயில இருக்கறதைத் துடைச்சு எடுத்துட்டு, அந்தச் செடில ஒரு துண்டைக் கைல எடுத்துட்டு 108ல ஜி.எச். போங்க. டீச்சர் கைல குடுத்தது மட்டும்தான் மோந்து பாக்கணும்னு ஒரு சட்டம் போட்டுட்டா பேசுற புள்ளைங்க கேட்டுக்கும். சொன்னது புரியாத புள்ளைக்குச் சட்டம் வேலைக்கு ஆகாது, செடியை எட்டாத இடத்துல வெக்கறதுதான் வழி.

பூச்சி, பாம்பு வந்துட்டா யாருங்க பதில் சொல்றது?

புள்ளைங்க வர்றதுக்கு முன்னாடி ஆயாவும் நானும் ஒரு ரவுண்டு போவோம், தொட்டி இடுக்கு, பலகை அடி, இலைக் குவியல். குவியலைக் கதவுக்குப் பக்கத்துல போடாதீங்க, சோறு சிந்தினா எலி வரும், எலி பின்னாடி பாம்பு வரும். பாம்பைப் பாத்தா புள்ளைங்களை உள்ள கூட்டிட்டுத் தீயணைப்புத் துறைக்குப் போன் பண்ணுங்க, புடிச்சுட்டுப் போவாங்க. கடிச்சா கட்டுப் போடறது, கீறி விடறது எதுவும் வேண்டாம், கடிபட்ட கை காலை அசைக்காம நேரா ஜி.எச். முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சி பட்டா தேய்க்காம செல்லோடேப் ஒட்டி எடுங்க, முடி அதுலயே வந்துடும், அப்புறம் சோப்புத் தண்ணி.

பசங்க எறும்பை மிதிக்கறாங்க, தட்டானுக்கு வாலுல நூல் கட்டறாங்க. நாலு சாத்து சாத்தினாத்தான் அடங்குவாங்களா?

நாம பண்ணாததா? பொன்வண்டைத் தீப்பெட்டில போட்டு முட்டை வெக்குதான்னு திறந்து திறந்து பாத்த தலைமுறைதானுங்க நாம. நாலு வயசுப் பையன் எறும்பை மிதிக்கறது கொடுமைக்காக இல்ல, மிதிச்சா என்ன ஆகும்னு பாக்கறான். அடிச்சா உங்க முன்னாடி மட்டும் மிதிக்க மாட்டான்.

நான் குழியானையை வெச்சுத்தான் ஆரம்பிப்பேன். மணல்ல சின்னக் குழி இருக்கும், ஒரு புல்லால லேசாக் கிளறினா உள்ள இருந்து மண்ணை வீசும். ஒரு தட்டுல கொஞ்ச நேரம் எடுத்து வெச்சா பின்னாடியே நடந்து புதுக் குழி தோண்டும், அதைப் பாத்துட்டு எடுத்த இடத்துலயே விடணும். விடறதுக்குத்தான் அடிதடி, யார் விடறதுன்னு. பாக்கலாம், எடுத்தா திருப்பி விடணும்னு மூணு மாசம் பண்ணிட்டா மிதிக்கறவன் குறைஞ்சுடுவான். எல்லாரும் நிறுத்திடுவாங்கன்னு சொல்ல மாட்டேன், ஒருத்தன் ரெண்டு பேர் இருப்பாங்க, அவனை எறும்புக்குக் கோலம் போடற டியூட்டில போடுங்க.

கறிவேப்பிலைச் செடியைப் புழு மொட்டையாக்கிடுச்சு, மருந்து அடிக்கட்டுங்களா?

ஐயோ வேண்டாம், அது உங்க அதிர்ஷ்டம். எலுமிச்சை, கறிவேப்பிலைல வர்றது பெரும்பாலும் எலுமிச்சைப் பட்டாம்பூச்சிப் புழு. சின்னதா இருக்கும்போது காக்கா எச்சம் மாதிரியே இருக்கும், பெருசானா பச்சையாயிடும், லேசாத் தொட்டா தலைல ரெண்டு கொம்பு நீட்டி ஒரு வாடை விடும். முட்டைல இருந்து பறக்கற வரைக்கும் நம்ம வெயிலுக்குச் சுமார் ஒரு மாசம். மெதுவாப் புரிஞ்சுக்கற புள்ளைக்கு இதை விட நல்ல பாடம் கிடையாது, தினமும் ஒரே இடம், தினமும் ஒரு சின்ன மாத்தம். பாட்டில்ல அடைக்காதீங்க, செடிலயே இருக்கட்டும். கொழம்புக்கு வேணும்னா இன்னொரு கறிவேப்பிலை வெச்சுக்கோங்க. புள்ளைங்க கை வெக்கற இடத்துல பூச்சி மருந்துங்கற பேச்சே கிடையாது.

எங்க சென்டர்ல பாதி ஒடிசா, பீகார் புள்ளைங்க. தமிழே தெரியாது, செடியைப் பத்தி என்ன பேசறது?

திருப்பூர்ல இந்தக் கேள்வி வராத மீட்டிங்கே இல்ல. செடி வேலைக்குத்தான் பாஷையே வேண்டாமேங்க. நாம தண்ணிங்கறோம், அவங்க பானிங்கறாங்க. இலைன்னா ஹிந்தில பத்தா, ஒடியால பத்ர, வங்காளத்துல பாதா. இந்த நாலு வார்த்தையையும் ஒரு தொட்டி மேல தமிழ் எழுத்துலயே எழுதி ஒட்டிட்டோம். அந்த அம்மாமாருங்க கூலி வேலை தேடி வர்றதுக்கு முன்னாடி வயல்ல இருந்தவங்க, என்னை விட அவங்களுக்கு நல்லாத் தெரியும். ஒரு ஒடிசா அம்மா வந்து பூசணி விதையைப் படுக்க வெக்காம செங்குத்தா நட்டுக் காட்டினாங்க, அவங்க பொண்ணு அன்னைக்குத்தான் முதல் தடவையாத் தலையை நிமிர்ந்து உக்காந்தா.

எங்க வீட்டுப் புள்ளையை மண்ணு அள்ளவும் கூட்டவும் விட்டுருக்கீங்களாமே டீச்சர்?

இதைக் கேக்கறவங்க சில பேருக்குக் கவலை அழுக்கு பத்தி, அவங்ககிட்ட கை கழுவற முறையைக் காட்டினா முடிஞ்சுது. சில பேருக்குக் கவலை அது இல்ல. கூட்டறது, அள்ளறது எல்லாம் இன்னார் வேலைன்னு நினைப்பு, யார் ஊத்தின தண்ணின்னு பாக்கற கண்ணு. அதுக்கு நான் வாதாடறதில்ல, வளைஞ்சும் குடுக்கறதில்ல. செவுத்துல எல்லாப் புள்ளையோட போட்டோவும் இருக்கு, தண்ணி, கூட்டறது, இலை பொறுக்கறது, காக்காவுக்குச் சட்டி வெக்கறதுன்னு வேலை தினமும் ஒரு படி நகரும், அந்த வரிசைல என் போட்டோவும் இருக்கு. திங்கக்கிழமை நான் கூட்டறதைப் பாத்துட்டு ஒரு பாட்டி ஒண்ணும் சொல்லாமப் போயிட்டாங்க.

நம்மளே அறியாமப் பண்றதும் ஒண்ணு இருக்கு. நல்லா வேலை செய்யுற புள்ளைன்னு ஒருத்தனையே எப்பவும் துடைப்பம் எடுக்கச் சொல்லுவோம், அவன் யார் வீட்டுப் புள்ளைன்னு ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. பொண்ணுங்களைப் பூப் பறிக்கவும் பசங்களை மண்ணு வெட்டவும் விடறதும் இதே கதைதான்.

பசுமை தினம்னு பச்சை டிரஸ் போட்டுட்டு வரச் சொல்றாங்க, பிரயோஜனம் உண்டா?

தெர்மாகோல் மரத்துல பிளாஸ்டிக் இலை ஒட்டி அதுக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுக்கறதுதானே? 2019 ஜனவரில இருந்து ஒரு தடவை தூக்கிப் போடற பிளாஸ்டிக்கை மாநிலத்துலயே தடை பண்ணியாச்சு, நம்ம விழால மட்டும் அது தீர மாட்டேங்குது. பச்சை சட்டை வாங்க முடியாத வீடும் இருக்குங்க. அன்னைக்கு ஒவ்வொருத்தரும் வீட்டுப் பக்கத்துல விழுந்து கிடக்கற ஒரு இலை கொண்டு வரட்டும், செலவு இல்ல.

ஆட்டுக்குட்டி பாவம்னு சொல்றீங்க, ஞாயித்துக்கிழமை கறி திங்கறோமேன்னு புள்ளை கேட்டா?

கேக்கும். எங்ககிட்ட முட்டை போடற நாள்லயே கேட்டுச்சு. பொய் சொல்லாதீங்க, கறி ஆட்டுல இருந்துதான் வருதுன்னு சொல்லிடுங்க. சில வீட்ல சாப்பிடுவாங்க, சில வீட்ல மாட்டாங்க, நம்மகிட்ட இருக்கற வரைக்கும் அதுக்குத் தண்ணி, தீனி, நிழல் குடுக்கணும், அடிக்கக் கூடாது. அது போதும் இந்த வயசுக்கு.

டீச்சர் வாயில "சீ"ன்னு வரக் கூடாது, அதுதான் முக்கியம். மாட்டுக்கறி, பன்னிக்கறி, நத்தை, வயல் எலி சாப்பிடற வீட்டுப் புள்ளைங்க நம்ம முன்னாடி உக்காந்திருக்கு. இரக்கம் சொல்லித் தர்றேன்னு ஆரம்பிச்சு ஒரு புள்ளையோட அம்மா சமையலைக் கேவலப்படுத்தி முடிச்சுடுவோம். எலி புடிக்கற வீட்டுப் பையனுக்கு வளையோட வாசல் எத்தனைன்னு தெரியும், என் சென்டர்ல வேற யாருக்கும் அது தெரியாது.

ரெஜிஸ்டர், எடை, புள்ளைங்க விவரம் ஏத்தற போஷன் டிராக்கர் ஆப்பு, இதுக்கு நடுவுல நேரம் எங்கங்க?

தனியா நேரம் ஒதுக்கினா ஒரு வாரத்துல நின்னு போயிடும், ஏற்கனவே நடக்கற வேலைக்குள்ள சொருகுங்க. சோப்பு கலக்காத தண்ணி, அரிசி, காய் கழுவினது, அது தொட்டிக்கு. முட்டை ஓட்டை நசுக்கறது, விரல் பலம் இல்லாத புள்ளைக்கு நல்ல பயிற்சி, அதுவும் தொட்டிக்கு. காலைல வந்ததும் வருகைக்கு ஒரு கல்லை எடுத்துத் தட்டுல போடணும், எண்ணிக்கையும் ஆச்சு. பத்து நிமிஷம் போதும், ஆனா தினமும் அதே பத்து நிமிஷம்.

அவன் பேசவே மாட்டேங்குறான். இதெல்லாம் அவனுக்குப் புரியுதா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது, கையைப் பாருங்க. எந்தத் தொட்டிகிட்ட முதல்ல போறான், வாடின செடிகிட்ட நிக்கறானா, லீவு முடிஞ்சு வந்த அன்னைக்கு எதைத் தேடறான். மண்ணைத் தொடாத பையனைப் பத்தி மேல சொன்னேனே, அவனும் பேச மாட்டான். மே மாசம் லீவு முடிஞ்சு வந்தப்ப ஏழு தொட்டில ஒண்ணு இல்ல, உடைஞ்சு போச்சு. அந்த இடத்துல நின்னுட்டு என் முந்தானையை இழுத்தான்.

வளர்ச்சி பத்தின சந்தேகம் இருந்தா மட்டும் இதையே சாக்கா வெச்சுத் தள்ளிப் போடாதீங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவை வர்ற ஸ்கூல் ஹெல்த் டாக்டர் வண்டிகிட்ட காட்டுங்க, மாவட்ட ஆஸ்பத்திரில இருக்கற ஆரம்பநிலைத் தலையீட்டு மையத்துக்கு எழுதிக் குடுப்பாங்க, காசு கிடையாது. போகும்போது நீங்க எழுதி வெச்ச நோட்டையும் அம்மாகிட்ட குடுத்து விடுங்க. நோட்டுல "நன்று", "முன்னேற்றம் தேவை"ன்னு எழுதாதீங்க, டாக்டருக்கு அதால ஒண்ணும் தெரியாது. நான் எழுதினது இப்படி இருக்கும்: "செவ்வாய். வாளியை அவனே எடுத்தான். மூணாவது தொட்டி வரைக்கும் சிந்தல. புழு இருக்கான்னு பாத்தான், இல்ல."